விலங்குகளை நாயகராகக் கொண்ட வீடியோ கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக விளையாடத் தொடங்கும் நண்பர்களும், பிள்ளைகளுக்கு எதை வாங்கித் தருவது என்று யோசிக்கும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லா விளையாட்டுகளையும் பட்டியலிடுவது என் நோக்கமன்று. விளையாடிப் பார்த்து, இன்னாருக்கு இது பொருந்தும் என்று தயங்காமல் சொல்லக்கூடியவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விலங்குப் பாத்திரம் வரும் விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாட்டி வடை சுட்ட கதையில் வரும் காக்கைக்கும், காலையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து சோற்றுக்குக் கரையும் காக்கைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது, காக்கை உருவம் எடுத்த மனிதன். அதற்குப் பெருமை உண்டு, ஏமாற்றம் உண்டு. இரண்டாவது உண்மையான காக்கை. அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்ப்பதன் பொருள் நமக்கு முழுதாக விளங்குவதே இல்லை.

வீடியோ கேம்களையும் இவ்விரண்டாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு வகையில் விலங்கு வெறும் வேடம்தான்: நரிக்குப் பதிலாக ஒரு சிறுவனை வைத்தாலும் விளையாட்டு மாறாது. இன்னொரு வகையில் விளையாட்டை இயக்கும் கைக்கருவியான கன்ட்ரோலரைக் கையில் எடுத்த உடனே உடம்பே மாறிவிடுகிறது. கதவுக் குமிழைத் திருகக் கை இல்லை, பேச வாய் இல்லை, ஆனால் கூரைமேல் ஏறலாம், மோப்பம் பிடிக்கலாம். வேடம் தாழ்ந்தது, உடம்பு உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "விலங்கு வரும் கேம் வேண்டும்" என்று கேட்பவர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது இரண்டாவது வகையை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதோ முதல் வகையை. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஸ்ட்ரே. பிரான்சின் மோன்பெலியே நகரில் உள்ள புளூட்வெல்வ் ஸ்டுடியோ உருவாக்கி, அன்னபூர்ணா இன்டராக்டிவ் நிறுவனம் 2022 ஜூலையில் வெளியிட்ட விளையாட்டு இது. மனிதர்கள் எவரும் இல்லாமல் ரோபோக்கள் மட்டுமே வாழும், மேலே மூடி போட்டது போன்ற ஒரு நகரத்தின் அடியாழத்தில் தவறி விழுந்துவிட்ட செம்பழுப்புப் பூனையாக நாம் வெளியேறும் வழியைத் தேடுகிறோம். ஒரு காலத்தில் ஹாங்காங்கில் இருந்த, பின்னர் இடிக்கப்பட்ட கவ்லூன் மதில் நகரத்தின் நெருக்கடியான அடுக்குகளை மனத்தில் வைத்தே அந்த நகரத்தை வடிவமைத்தார்கள். சந்துகள், ஏசிப் பெட்டிகள், தொங்கும் கம்பிகள் எல்லாம் மனிதனுக்குத் தடை. பூனைக்கு அவையே படிக்கட்டு.

பூனையின் உடம்பை இவ்வளவு கூர்ந்து கவனித்த விளையாட்டு வேறொன்றை நான் பார்க்கவில்லை. மியாவ் என்று கத்துவதற்கென்றே தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதனால் பெரும்பாலான நேரம் எந்தப் பயனும் இல்லை, ஆனாலும் அழுத்தாமல் இருக்க முடியவில்லை. காகிதப் பையில் தலையை நுழைத்துக்கொண்டால் இடமும் வலமும் மாறிப்போய், கன்ட்ரோலர் நம் பேச்சைக் கேட்க மறுக்கிறது. பி-12 என்னும் சிறிய டிரோன், முதுகில் மாட்டிக்கொள்ளச் சின்னஞ்சிறு பையொன்றைத் தரும்போது, பூனை அதைச் சுமக்கப் பிடிக்காமல் அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுகிறது. வீட்டுப் பூனைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்தவருக்கு அந்தக் காட்சி விளக்கம் இல்லாமலே புரியும்.

எங்காவது மெத்தையோ அலமாரியோ கண்ணில் பட்டால் பூனையைச் சுருண்டு படுக்க வைக்கலாம். காட்சி மெல்லப் பின்வாங்கும். கன்ட்ரோலர் கைக்குள் மெதுவாக அதிரும். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், முதல் நாள் முழுவதும் கதையை ஓர் அடி கூட நகர்த்தாமல் அந்தப் பூனையைத் தூங்க வைத்துக்கொண்டே இருந்தாள். எழுப்பச் சொன்னால், "பாவம் மாமா, இப்பத்தான் கண்ணை மூடிச்சு" என்றாள்.

சுமார் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிளேஸ்டேஷன் 4, 5 என்னும் விளையாட்டுக் கருவிகள் (கன்சோல்கள்) இரண்டிலும் கணினியிலும் முதலில் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு 2023-லும் ஸ்விட்சுக்கு 2024-லும் வந்தது. ஒரே ஒரு குறை சொல்வதென்றால், துரத்தி வந்து உடம்பெங்கும் அப்பிக்கொள்ளும் ஜர்க் என்னும் பிராணிகளின் பகுதிகள் சிறு குழந்தைகளைப் பயமுறுத்தும். பத்து வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

அந்தப் பயமும் வேண்டாம், பூனை மட்டும் போதும் என்றால்?

2024 மே மாதம் வந்த லிட்டில் கிட்டி, பிக் சிட்டி. ஜப்பானியக் குடியிருப்பொன்றின் ஜன்னலிலிருந்து விழுந்த கருப்புப் பூனை வீடு திரும்ப வேண்டும், அவசரமே இல்லை. போகிற வழியில் விதவிதமான தொப்பி அணியலாம், பூந்தொட்டிகளைத் தட்டி உடைக்கலாம், காக்கையோடு பேரம் பேசலாம். சண்டை கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு ஸ்ட்ரேயைவிட இதுவே ஏற்றது.

சிரிக்க வைக்கும் விளையாட்டு எது?

அன்டைட்டில்டு கூஸ் கேம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நான்கு பேர் சேர்ந்த ஹவுஸ் ஹவுஸ் குழு 2019 செப்டம்பரில் வெளியிட்டது. அமைதியான ஓர் ஆங்கிலேயக் கிராமம். அங்கே நாம் ஒரு வாத்து. சரியாகச் சொன்னால் பெருவாத்து, அதிலும் எரிச்சலூட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெருவாத்து. அதனால் செய்ய முடிந்தவை மிகக் குறைவு: ஓடலாம், கழுத்தைத் தாழ்த்தலாம், அலகால் கவ்வலாம், சிறகை விரிக்கலாம், உரக்கக் கத்தலாம். சிறகை விரிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தோட்டக்காரரின் சாவிக்கொத்தைத் திருடுவது, அவருடைய குப்பைவாரியை ஏரியில் போடுவது, சிறுவன் ஒருவனை டெலிபோன் பூத்துக்குள் மாட்டிவிடுவது என்று ஒரு கையெழுத்துப் பட்டியல் தரப்படும். அதை எப்படிச் செய்வது என்று எவரும் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்துத் தந்திரம் கண்டுபிடிக்க வேண்டியதுதான். செடிக்குப் பின்னால் கழுத்தைத் தாழ்த்தி ஒளிந்திருந்து, தோட்டக்காரர் குனியும் நேரம் பார்த்துக் கத்தினால் அவர் திடுக்கிடுகிறார். கையில் இருந்தது கீழே விழுகிறது. அதைக் கவ்விக்கொண்டு நாம் ஓட, அவர் துரத்த, பின்னணியில் பியானோவும் ஓடிவருகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பியானோ இசையைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டி, வாத்து பதுங்கினால் மெதுவாகவும் ஓடினால் வேகமாகவும் ஒலிக்கும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய மௌனப் படத்துக்குத் திரையரங்கிலேயே உட்கார்ந்து ஒருவர் வாசிப்பது போன்ற உணர்வு அது.

2020 செப்டம்பரில் இருவர் சேர்ந்து விளையாடும் வசதியைக் கட்டணமின்றிச் சேர்த்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே விளையாட்டு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

இதே வரிசையில் 2014 ஏப்ரல் 1 அன்று வெளிவந்த கோட் சிமுலேட்டரையும் பலர் சொல்வார்கள். வேடிக்கையாகத் தொடங்கிய அந்த விளையாட்டில், சுவீடனின் காஃபி ஸ்டெயின் ஸ்டுடியோ பிழைகளை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டுவைத்தது. ஆட்டின் கழுத்து ரப்பராக நீள்வதும், முட்டிய மனிதர் வானத்தில் பறப்பதும்தான் நகைச்சுவை. அரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

சோனிக், கிராஷ் பேண்டிகூட் போன்ற பழைய நாயகர்கள் எந்த வகை?

பெரும்பாலும் வேடம்தான், ஆனால் சோனிக் விஷயத்தில் சற்றே நின்று பார்க்க வேண்டும். செகா நிறுவனம் 1990-வாக்கில் தன் அடையாளமாக ஒரு பாத்திரத்தைத் தேடியபோது முயல் முதலிய பல விலங்குகளை வரைந்து பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது முள்ளெலி. அது உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும் என்பதால், ஓடுவதும் எதிரியைத் தாக்குவதும் ஒரே அசைவாகிவிட்டது. முள்ளெலி வேடமாக வந்தாலும் அதன் உடம்பு விளையாட்டுக்குள் புகுந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், முள்ளெலிக்கு நீந்தத் தெரியாது என்று நிரலாளர் யூஜி நாகா எண்ணிக்கொண்டதால் சோனிக்குக்கு இன்றும் தண்ணீரைக் கண்டால் ஆகாது. நிஜ முள்ளெலி நன்றாகவே நீந்தும்.

கிராஷ் பேண்டிகூட், நாட்டி டாக் நிறுவனம் 1996-இல் பிளேஸ்டேஷனுக்காக உருவாக்கியது. ஆஸ்திரேலியாவில் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் ஒரு சிறு விலங்கின் பெயர் பேண்டிகூட். ஆனால் அந்தச் சொல் போனது நம் பக்கத்திலிருந்து: தெலுங்கில் பெருச்சாளிக்குப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி, என்று பெயர். அதைத்தான் ஆங்கிலேயர் தம் நாக்குக்கு ஏற்பத் திரித்து, பிறகு ஆஸ்திரேலியாவில் கண்ட வேறொரு விலங்குக்கும் சூட்டினார்கள். ஆகவே கிராஷின் குடும்பப் பெயரைத் தமிழில் பெருச்சாளி என்றே சொல்லலாம். விளம்பரத்துக்கு அவ்வளவு எடுபட்டிருக்காது. விளையாட்டாகப் பார்த்தால், முதல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து 2017-இல் வெளியிட்ட தொகுப்பை வாங்குவதே நல்லது. எளிதாக இருக்கும் என்று நினைத்து வாங்க வேண்டாம். முதல் பாகத்தின் பாலங்களைத் தாண்டுவதற்குள் பெரியவர்களே கன்ட்ரோலரைத் தூக்கி வீசும் மனநிலைக்கு வந்துவிடுவார்கள்.

நாய் அல்லது ஓநாய் நாயகனாக வரும் நல்ல விளையாட்டு உண்டா?

ஓகாமி. கேப்காமின் கிளோவர் ஸ்டுடியோ 2006-இல் பிளேஸ்டேஷன் 2-க்காகச் செய்தது. இயக்கியவர் ஹிடெகி கமியா. ஜப்பானியரின் சூரியத் தெய்வமான அமதெராசு வெள்ளை ஓநாய் வடிவில் வந்து, சாபம் பிடித்த நிலத்தை மீட்கிறார். ஜப்பானிய மொழியில் ஓகாமி என்றால் ஓநாய். வேறு எழுத்துகளில் எழுதினால் அதே ஒலிப்புக்குப் பெருந்தெய்வம் என்று பொருள். தலைப்பே சிலேடை.

மைத்தூரிகை ஓவியம் போலத் தீட்டப்பட்ட இந்த உலகில் எந்த நேரமும் காட்சியை நிறுத்தி, தூரிகையால் அதன்மேல் நாமே வரையலாம். வானத்தில் ஒரு வட்டம் வரைந்தால் சூரியன் உதிக்கும். பட்டுப்போன மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் பூக்கும். ஓநாய் வேகமெடுத்து ஓடும்போது அதன் காலடித் தடங்களில் புல்லும் பூவும் முளைத்து மறைகின்றன. ஆனால் தெய்வம் என்பதற்காக அது பேசுவதில்லை. பேச்செல்லாம் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும் இஸ்ஸுன் என்னும் சிற்றுருவம் பார்த்துக்கொள்ளும். யாராவது நீண்ட கதை சொல்லத் தொடங்கினால் நம் தெய்வம் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது, சில சமயம் தூங்கியும் போகிறது. ஊரார் பலரின் கண்ணுக்கு அது வெறும் வெள்ளை நாய்.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை சுமார்தான். 2007-இல் கிளோவர் ஸ்டுடியோவே மூடப்பட்டது. இப்போது உயர்தெளிவுப் பதிப்பு கணினியிலும் கன்சோல்களிலும் கிடைக்கிறது. முப்பது மணி நேரத்துக்கு மேல் நீளும் என்பதால், தேர்வு நெருங்கும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.

அனிமல் கிராசிங்கை எல்லாரும் பரிந்துரைக்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு நல்லதா?

நல்லதுதான், ஆனால் யாருக்கு என்று கேட்க வேண்டும். 2001-இல் ஜப்பானில் தொடங்கிய இந்த நிண்டெண்டோ வரிசையின் நியூ ஹொரைசன்ஸ் பாகம் 2020 மார்ச் 20 அன்று, உலகம் வீட்டுக்குள் முடங்கிய அதே வாரங்களில் வந்து, 4 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. இதில் நாம் மனிதர், அக்கம்பக்கத்தார்தாம் விலங்குகள். இது முழுக்க முழுக்க வேடம் போட்ட விளையாட்டு. அருங்காட்சியகம் நடத்தும் ஆந்தைக்குப் பூச்சி என்றாலே உடம்பு கூசும்; நாம் பட்டாம்பூச்சி கொண்டுபோய்க் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதன் வரலாற்றைச் சொல்லும். ஆந்தையாக இருப்பதால்தான் அந்தக் கூச்சம் சிரிப்பூட்டுகிறது.

வீடு கட்டக் கடன் தரும் டாம் நூக், ஜப்பானில் தனுகி எனப்படும் ரக்கூன் நாய். பலர் அவரைக் கந்துவட்டிக்காரர் என்று கேலி செய்வதுண்டு. ஆனால் முதல் வீட்டுக்காக அவர் எழுதும் 98,000 பெல் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) கடனுக்கு வட்டியும் இல்லை, தவணைத் தேதியும் இல்லை. அப்படிப்பட்ட கடன்காரர் நம் ஊரில் கிடைத்தால் தெருமுனையில் சிலை வைத்திருப்போம்.

விளையாட்டின் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்று. இரவு பத்துக்கு மேல் கடை மூடியிருக்கும். ஒரு மாதம் எட்டிப்பார்க்காவிட்டால் தீவெங்கும் களை மண்டிவிடும். தினம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்பவருக்கு இது தோட்டம் வளர்ப்பது போல ஆறுதல் தரும். ஒரே மூச்சில் விளையாடி முடிக்க விரும்புபவர் மூன்றாம் நாளே சலித்துப்போவார்.

விலங்கு சாகும் விளையாட்டுகள் எவை? பிள்ளைகளுக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டுமா?

இரண்டைச் சொல்கிறேன். சுவீடனில் உருவான ஷெல்ட்டர், 2013-இல் வந்தது. அதில் நாம் ஐந்து குட்டிகளோடு செல்லும் தாய் பேட்ஜர், அதாவது வளை தோண்டி வாழும் ஒரு காட்டு விலங்கு. பசித்த குட்டியின் நிறம் மங்கிப்போகும். கிழங்கோ தவளையோ கொண்டுவந்து, எந்தக் குட்டிக்குப் போடுவது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். வெட்டவெளியைக் கடக்கும்போது தலைக்குமேல் கழுகின் நிழல் விழும். ஒரு குட்டி போய்விட்டால் போனதுதான்; பழைய இடத்துக்குத் திரும்பி மீட்டெடுக்க முடியாது. ஐந்தில் மூன்று மட்டுமே மிஞ்சி நடக்கும்போது பின்னால் கேட்கும் காலடிச் சத்தம் குறைந்திருப்பதைக் கவனித்த கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று 2022-இல் வந்த எண்ட்லிங். காட்டுத் தீயில் தப்பிய தாய்நரி குட்டிகளை ஈனுகிறது. அவற்றில் ஒன்றை மனிதன் தூக்கிச் சென்றுவிட, மிச்சமுள்ளவற்றைக் காத்தபடி அதைத் தேடி இரவுதோறும் அலைகிறது. விடிவதற்குள் வளைக்குத் திரும்பியாக வேண்டும். நேற்று மரம் நின்ற இடத்தில் இன்று வெட்டுமரக் குவியல் கிடக்கும்.

தவிர்க்க வேண்டுமா என்றால், பிள்ளையைப் பொறுத்தது. செல்லப் பிராணியை அண்மையில் இழந்த பிள்ளைக்குக் கண்டிப்பாக வேண்டாம். மற்றபடி பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க விளையாடலாம்.

ஆங்கிலம் சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

இவற்றில் தமிழில் வருபவை அரிது. ஆகவே பேச்சே இல்லாத விளையாட்டைத் தேடுவதுதான் வழி. உடம்பு வகை இங்கே கைகொடுக்கிறது: விலங்கு பேசாததால் கதையும் காட்சியிலேயே நகரும். எண்ட்லிங், ஷெல்ட்டர் இரண்டிலும் வாசிக்க வேண்டியது மிகக் குறைவு. கூஸ் கேமில் அந்தப் பட்டியலை மட்டும் யாராவது படித்துச் சொன்னால் போதும். ஸ்ட்ரேயில் ரோபோக்களின் பேச்சை வாசிக்க வேண்டியிருக்கும். அனிமல் கிராசிங் முழுக்கவும் உரையாடல். அதற்கு ஆங்கிலம் கட்டாயம் தேவை.

தோற்றத்தைப் பார்த்து ஏமாறக்கூடியவை உண்டா?

உண்டு. ரேர் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட கான்கர்ஸ் பேட் ஃபர் டேயின் அட்டையில் அழகான அணில் சிரிக்கும். உள்ளே குடியும் கெட்ட வார்த்தையும் இரத்தமும்தான். குழந்தைகளுக்கென்று தொடங்கி, பாதியில் தலைகீழாக மாற்றப்பட்ட விளையாட்டு அது. 2017-இல் வந்த நைட் இன் தி வுட்ஸ் வேறு விதம்: கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டுச் சுரங்கம் மூடிய சொந்த ஊருக்குத் திரும்பும் இருபது வயதுப் பூனைப் பெண்ணின் கதை, மனச்சோர்வையும் வேலையின்மையையும் நிதானமாகப் பேசுகிறது. அருமையான விளையாட்டு, ஆனால் சிறுவர்களுக்கானது அன்று.

சவாலான விளையாட்டு வேண்டும் என்பவருக்கு?

பூச்சிகளின் பாழடைந்த பேரரசில் அலையும் ஹாலோ நைட். 2017-இல் அடிலெய்டின் டீம் செர்ரி செய்தது, அடுத்த பாகமான சில்க்சாங் 2025 செப்டம்பரில் வந்தது. புரியாத எழுத்தில் அச்சிட்ட கையேட்டைப் பக்கம் பக்கமாகக் கண்டெடுத்து விதிகளை ஊகிக்க வேண்டிய குட்டி நரியின் டியூனிக், 2022. பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

யானை?

தமிழர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நாயகனாக யானை வருவது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 2017-இல் வந்த யோனோ அண்ட் தி செலஸ்டியல் எலிஃபன்ட்ஸ் ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். தும்பிக்கையில் நீரை உறிஞ்சிப் பீய்ச்சலாம், காற்றை ஊதலாம், தலையால் முட்டித் தள்ளலாம். புதிர்கள் எல்லாம் இவற்றைச் சுற்றியே. எளிதானது, கொஞ்சம் மெதுவானது.

கைப்பேசியில் மட்டுமே விளையாட முடியும் என்றால்?

2014-இல் ஜப்பானிலிருந்து வந்த நெக்கோ அட்சுமே. முற்றத்தில் தீனியும் பொம்மையும் வைத்துவிட்டுச் செயலியை மூடிவிட வேண்டும்; நாம் பார்க்காதபோது பூனைகள் வந்து விளையாடி, மீனை விலையாக வைத்துவிட்டுப் போகும். தொட முடியாது, கூப்பிட முடியாது. எண்ட்லிங்கும் கோட் சிமுலேட்டரும் கைப்பேசிக்கு வந்திருக்கின்றன. இலவசம் என்று வரும் செல்லப்பிராணி விளையாட்டுகள் பலவும் நிமிடத்துக்கொரு விளம்பரம் காட்டும். பிள்ளையின் கையில் கொடுக்கும்முன் பணம் செலுத்தும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள்.

நேரமே இல்லை. ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. பழைய லேப்டாப் வேறு.

அ ஷார்ட் ஹைக். 2019-இல் வந்தது, இரண்டு மணி நேரம் போதும், பழைய கணினியிலும் ஓடும். கிளேர் என்னும் சிறு பறவை முக்கியமான ஓர் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். மலையுச்சிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறுவதற்குத் தங்க இறகுகள் வேண்டும். ஒவ்வோர் இறகு கூடும்போதும் இன்னும் கொஞ்சம் உயரம் தொற்றி ஏறலாம். வழியில் மீன் பிடிக்கலாம், தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கலாம், எதையும் செய்யாமலும் போகலாம். உச்சியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். இறங்கும்போது மட்டும் படிகளைத் தேடாதீர்கள். இறக்கையை விரித்து அங்கிருந்தே குதித்துவிடுங்கள்.